புகைச் சான்றிதழ்

நாரஹேன்பிட்டியில், ஒரு பின்வீதித் தகரக் கூரையின் கீழ்
என் உத்தியோகம்:
வாகனத்தின் பின்குழாய்க்குள் கம்பியைச் செருகுவது,
திரையில் விழும் இலக்கத்தை நம்புவது.

இன்று பத்தரைக்கு ஓர் ஆமை வந்தது.
சிங்களத்தில் இப்பா.
புத்தகத்தில் வொக்ஸ்வேகன், ஐம்பத்தெட்டாம் ஆண்டு, பச்சை.
புதிதாகச் சேர்ந்த பொடியன் முன்மூடியைத் திறந்துவிட்டு
"அக்கா, எஞ்சினைக் காணேல்லை" என்று கத்தினான்.
வரிசையில் நின்ற திறீவீல்காரர் எல்லோரும் சிரித்தார்கள்.

எட்மண்ட் குணநாயகம், வெள்ளவத்தை,
சிரிக்கவில்லை.
"ஜெர்மன்காரன் செய்தது, தங்கச்சி.
தண்ணி கேளாது. பொய் சொல்லாது."

கம்பியைச் செருகினேன்.
திரை சிவந்தது.
"அப்ப உங்கட மெஷின்தான் பிழை."

அவருக்குத் தெரியாது,
எங்கள் பயிற்சியில் ஒரு முழுநாள்
அந்தக் கொம்பனிக்கே போனது.

வாரம் ஐந்து மார்க், அட்டையில் ஒட்ட ஒரு முத்திரை.
அட்டை நிறைந்தால் வாசலில் கார்.
மூன்று இலட்சம் பேருக்கு மேல் ஒட்டினார்களாம்,
கொட்டாஞ்சேனையில் நாங்கள் சீட்டுக் கட்டியதுபோல
சாப்பாட்டுக் காசில் மிச்சம் பிடித்து.
ஒருவர் வாசலுக்கும் கார் வரவில்லை.
ஆலை பட்டாளத்துக்கு வண்டி செய்தது,
பிடித்து வரப்பட்டவர்களின் கைகளால்.
அந்தப் பெண்கள் பெற்ற பிள்ளைகளை
ஒரு விடுதியில் வாங்கி வைத்தார்கள்.
பிள்ளைகள் கிழமைக்குக் கிழமை செத்தன.
விரிவுரையாளர் அந்தப் படத்தை மட்டும் வேகமாகத் தள்ளிவிட்டார்.

யுத்தம் முடிந்தபின் ஆலையைச் சும்மா தந்தாலும்
வேண்டாம் என்றார்களாம் பெரிய கொம்பனிக்காரர்.
பிறகு அது ஓடியது.
காலி வீதியில், நுவரெலியா வளைவில், டொக்டர்மாரோடு, பாதிரிமாரோடு
ஓடி ஓடியே நல்ல பெயர் எடுத்தது.

அந்தப் பெயரை வைத்துக்கொண்டு
அறுபது எழுபது வருஷம் கழித்து
டீசல் கார்களுக்குள் ஒரு தந்திரம் எழுதினார்கள்.
சோதனைக் கம்பி வந்தால் மூச்சை அடக்கு,
வீதிக்கு வந்ததும் விடு.
இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும்
சப்பாத்துப் போட்ட வகுப்பு மாதிரி,
ஒரு கோடியே பத்து இலட்சம் கார்கள்.

எழுதியவனை அடிக்கடி நினைப்பேன்.
அவனுக்கும் மத்தியானப் பார்சல் இருந்திருக்கும்,
மகளுக்கு ரியூஷன் காசு,
மேலே இருந்து ஒரு குரல்.

குணநாயகம் புத்தகத்தை மறுபடி நீட்டினார்.
நடுவில் மடித்த ஐயாயிரம்.
"ஒருக்கா வடிவாப் பாருங்கோ."

வடிவாகப் பார்த்தேன், இலக்கத் தகட்டை.
சிங்கள ஸ்ரீயின் கறுப்பு உரிந்த இடத்தில்
இன்னொரு ஸ்ரீயின் வால்,
எங்கள் எழுத்தில்.

"அது அப்பா எழுதினது" என்றார், குரலைத் தாழ்த்தி.
"வாங்கின வருஷம். யாழ்ப்பாணம் போகேக்க ஒண்டு,
கொழும்புக்கு வரேக்க ஒண்டு.
வவுனியா தாண்டி ஒரு புளிய மரத்தடியில நிப்பாட்டி
தூரிகையும் பெயின்ற் பேணியுமா இறங்குவார்.
அம்மா ரோட்டைப் பாத்துக்கொண்டு நிப்பா."

எனக்கு ஏதோ சொல்ல வந்தது.
இரண்டும் ஒன்றல்ல என்று.
அவர் கேட்கவே இல்லையே, யாருக்குச் சொல்ல?
மரத்தடியில் பெயின்ற் காயும்வரை நின்றிருப்பார்களா,
ஈர எழுத்தோடே புறப்பட்டிருப்பார்களா
என்றுதான் யோசித்தேன்.

காசை எடுத்து அவர் சட்டைப் பைக்குள் வைத்தேன்.
தோல்வி என்று அச்சான தாளில் முத்திரை குத்தினேன்.
"கார்பரேட்டரை இறுக்கிப்போட்டு நாளைக்குக் கொண்டு வாங்கோ.
பஞ்சிகாவத்தையில ஜெட் கிடைக்கும்."

முதல் தடவை எஞ்சின் பிடிக்கவில்லை.
பொடியனும் திறீவீல்காரர் இருவரும் தள்ளினார்கள்.
பாரமே இல்லை என்று பொடியன் வியந்தான்.
வீதிக்கு இறங்கியதும் இரண்டு குழாயாலும்
ஒளிக்காமல் கக்கிக்கொண்டு போனது.

அடுத்தது ஒரு டீசல் வான்.
சாரதி கண்ணாடியை இறக்கி
என் முகத்தைப் படிக்கத் தொடங்கினான்.